சட்டை போட்டு வந்தவர்

நெளுக்குளத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது பக்கத்து வளவுக்காரர் அவர். நெடிய, ஒட்டிய உடம்பு. தன் வளவில் எப்போதும் சட்டையில்லாமல் வெறும் மேலோடுதான் நிற்பார். அவருடைய நாய் விடியற்காலையில் வேலிக்குள்ளால் புகுந்து எங்கள் முற்றத்தில் மலம் கழித்துவிட்டுப் போகும். சற்று நேரத்தில் அவர் மண்வெட்டியும் தகரப் பேணியில் சாம்பலுமாக வருவார். அதை அள்ளுவதற்கு வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருப்பார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், "ஐயா, நாயைக் கட்டி வையுங்கோவன்," என்றேன்.

"ஓம் பிள்ளை," என்றார். கட்டியும் வைத்தார்.

அடுத்த நாள் முற்றம் சுத்தமாக இருந்தது. ஆனாலும் அதே சட்டையோடும் மண்வெட்டியோடும் வேலிப் படலையைத் திறந்துகொண்டு நின்றார்.

"இண்டைக்கு ஒண்டும் இல்லையோ?"

"இல்லை ஐயா. அதை அள்ளுறதுக்கும் ஏன் சட்டை போட்டுக்கொண்டு வாறியள்?"

"உங்களுக்கு முதல் என்ர மகள்தான் இந்த வீட்டில இருந்தவள். வெறும் மேலோட வந்தால் ஏசுவாள். கனடாவுக்குப் போகேக்க நாயை என்னட்டை விட்டிட்டுப் போனவள். சாப்பாடு என்னட்டை எண்டாலும், விடிஞ்சால் அது இஞ்சதான் ஓடி வரும்."

சொல்லிவிட்டு, மகள் ஒருகாலம் சமைத்த குசினியின் திறந்திருந்த யன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாயை அவிட்டு விடுங்கோ ஐயா," என்றேன்.

இப்போது பரந்தனில், மதில் கட்டிய வீட்டில் இருக்கிறேன். முற்றம் துப்புரவாகக் கிடக்கிறது. நெளுக்குளத்து வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்களோ, தெரியாது. நாயைக் கட்டச் சொல்லாதவர்களாக இருக்க வேண்டும்.