கன்வஸ் கூடாரத்து மாவிலைத் தோரணம்

ஒரு படையையே தனியாளாக எதிர்த்து நின்று என் மருமகனைக் காப்பாற்றியவள் நான். சரி, படை என்பது சற்றுக் கூடிவிட்டது. வந்தவர்கள் இரண்டு பேர். ஆயுதம் ஒரு பூதக்கண்ணாடி.

மருமகன் யோகேந்திரனுக்கு மொன்றியல் துறைமுகத்துப் பண்டகசாலையில் வேலை. கடல் கடந்து வரும் ஆயத்தச் சட்டைகளைப் பகல் முழுக்கப் பெட்டி பெட்டியாக இறக்குவார். பிறகு வில்லரேயில் உள்ள வீட்டுக்கு வந்து, குசினி மேசையில் அமர்ந்து கையால் சட்டை தைப்பார். சும்மா சட்டை அல்ல, 1750ஆம் ஆண்டுச் சட்டை. தன் வேலைச் சட்டையில் பொத்தான் அறுந்தால் மட்டும் என் மகள் செல்வமலரைக் கூப்பிடுவார். இந்த நூற்றாண்டுப் பொத்தான் அவருக்கு இளக்காரம்.

நகருக்கு வெளியே ஆற்றங்கரையில் வருடந்தோறும் ஒரு சந்தை கூடுகிறது. பழங்கால உடுப்பு, செப்புக் கேத்தல், மெழுகுதிரி என்று விற்பவர்கள் எல்லாரும் அந்தக் காலத்து ஆட்களாகவே நடமாடுவார்கள். சந்தை வேலிக்குள் கடை போடுவதானால், இங்கே பிரெஞ்சு ஆட்சி முடிந்த 1760க்குப் பிந்திய ஒரு பொருளும் கண்ணில் படக்கூடாது. போன வருடம் மருமகனை மேசைக்கடியில் இருந்த சில்வர் சாப்பாட்டுக் கரியர் காட்டிக் கொடுத்துவிட்டது. இம்முறையும் தவறினால் இனி விண்ணப்பிக்கவே முடியாது.

பக்கத்து மைதானத்தில் நைலோன் கூடாரம் அடித்து நாங்கள் தங்கினோம். கூடாரத்தில் படுக்கக் கூடாதென்றுதான் நாடு விட்டு நாடு வந்த குடும்பம் எங்களுடையது. இங்கே அதற்கு ஜனவரியிலேயே இடம் பதிய வேண்டுமாம்.

"உங்களுக்கேன் தம்பி இந்த வேண்டாத வேலை?" என்று கேட்டேன்.

"மாமி, இஞ்சை வந்து இருபத்தெட்டு வருசம். இன்னும் எங்கையிருந்து வந்தனீங்கள் எண்டு கேக்கினம். வேலிக்குள்ள அப்பிடிக் கேட்டால், எந்த வருசத்திலையிருந்து எண்டுதான் அர்த்தம்."

நக்கலை விழுங்கிக்கொண்டு அவருடைய ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பரிசோதகர்கள் அவருடைய கன்வஸ் கூடாரக் கடைக்கு வந்தார்கள். பெண்மணி பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு தையலாகப் பார்த்தார். கூட வந்த மனிதர் கூடாரக் கயிற்றை முகர்ந்தார். முகர்ந்தே வருடம் சொல்லுவார் போலிருந்தது. மருமகனின் நெற்றியில் வியர்வை. நல்ல வேளை, அது எந்த நூற்றாண்டுக்கும் பொருந்தும்.

"அருமை" என்றபடி பெண்மணி நிமிர்ந்தார். வாசலில் பச்சைப் பசேலென்று ஒரு மாவிலைத் தோரணம்!

தோரணம் இல்லாமல் புதுக்கடை திறப்பதா என்று யாரோ ஒரு புண்ணியவதி விடியவே கட்டிவிட்டிருந்தார். கியூபெக்கில் மாமரத்துக்கு எங்கே போவது? தமிழ்க்கடைப் பிளாஸ்டிக் இலை. நடுவில் பொன்னிறப் பிள்ளையார் வேறு.

நான் முன்னே பாய்ந்தேன். அரசாங்க வகுப்பில் படித்த பிரெஞ்சையெல்லாம் திரட்டி ஒரு கதையை எடுத்துவிட்டேன். 1742இல் காரைக்காலில் இருந்து புறப்பட்ட பிரெஞ்சுக் கப்பலில் ஆறுமுகம் என்றொரு சமையற்காரன் இருந்தான். கப்பல் வழி தவறி இந்த ஆற்றுக்குள் வந்தது. அவன் கரையிறங்கித் தோல் வியாபாரியானான். முதற்கடை திறந்த அன்று ஊர் வழக்கப்படி தோரணம் கட்டினான். ஆளுநரே வந்து இலையைத் தொட்டுக் கும்பிட்டார்.

கயிறு முகர்ந்தவர் குறிப்பெழுதத் தொடங்கிவிட்டார். பெண்மணிதான் கேட்டார்: "கப்பலில் இத்தனை மாதம் இலை வாடவில்லையா?"

"உப்புக் காற்று, மடாம்" என்றேன்.

மருமகன் குறுக்கே வந்தார். "அது பிளாஸ்டிக், மடாம். என் பிழை. இப்போதே கழற்றிவிடுகிறேன்."

பெண்மணி அவரையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "கழற்றுங்கள். தையலில் ஒரு பொய்யும் இல்லை" என்று சொல்லி அனுமதித் தாளில் கையெழுத்து வைத்தார்.

ஆக, என் கதையால்தான் மருமகனுக்கு வேலிக்குள் இடம் கிடைத்தது என்பது வரலாறு.

இந்த வரி வரைக்கும் தோளுக்கு மேலால் வாசித்துக்கொண்டு நின்ற செல்வமலர் பேனாவைப் பிடித்துவிட்டாள்.

"அம்மா, கதையாலை ஒண்டும் கிடைக்கேல்லை. அந்தாள் உண்மையைச் சொன்னதாலைதான் கிடைச்சது. அதுவும் உங்கட பிழையைத் தன்ரை தலையிலை போட்டுக்கொண்டு. புண்ணியவதியாம், புண்ணியவதி! உங்கட பேரைப் போடுங்கோ. நீங்கள் ஏறித் தோரணம் கட்டேக்கை கதிரையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது நானெல்லோ."