துரை விட்டுப்போன நாய்க்கு ஒரு துணை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு துரை, அதாவது மேனேஜர், வேலையை விட்டுப் போகும்போது ஆபீஸ் ஆட்களுக்கு எதையாவது கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். ஒருவருக்கு ஓடாத சுவர்க்கடிகாரம், இன்னொருவருக்குக் கால் ஆடும் மேசை. வாங்கியவர் அதை முன்னறையில் வைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "தொரை குடுத்தது" என்று பீற்றிக்கொள்வார். இந்தக் கூத்தைப் பார்த்துப் பல வருடம் வாய்க்குள் சிரித்திருக்கிறேன். எனக்கு ஒரு நாய் கிடைத்தது, சிரிப்பு அன்றோடு நின்றது.

அது கிரேஹவுண்ட் சாதி. மோப்பம் பிடித்துப் போகிற நாய் அல்ல. தூரத்தில் அசைவதைக் கண்ணால் பிடித்து, பாய்ந்து துரத்துகிற நாய். நீண்ட கால், ஒட்டிய வயிறு, உடம்பில் மயிர் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நுவரெலியாக் குளிருக்குக் கொஞ்சமும் பொருந்தாத இந்தப் பிராணியைத் துரை கொழும்பிலிருந்து கொண்டுவந்து, பங்களாப் புல்வெளியில் ஓடவிட்டுப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டுக்குக் குடிபோகிற நாளில் அதன் கயிற்றை என் கையில் கொடுத்து, என்னை மட்டுமே நம்பி விட்டுப்போவதாக இங்கிலீசில் சொன்னார். ஐந்து வருடம் தன் காலடியில் கிடந்த உயிரைக் குடையைக் கொடுப்பதுபோல் கைமாற்றிவிட்டுப் போகிற மனிதன். அவருக்கு நான் "தேங்க் யூ சேர்" என்றேன். அதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை அப்புறம்தான் செய்தேன்.

நான் அந்தத் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கர். பிறந்தது அதே தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஐந்தாம் நம்பர் லயத்தில். லயத்திலிருந்து மேலே எங்கள் குவாட்டர்ஸுக்கு நடந்தால் பத்து நிமிடம். ஏறிவர எனக்கு இருபது வருடம் பிடித்தது. அதனாலோ என்னவோ, மறுபடி இறங்கிப் போக மட்டும் எனக்கு நேரமே கிடைப்பதில்லை.

வந்த நாளிலிருந்து நாய் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி பழைய ஸ்வெட்டரை வெட்டித் தைத்து அதற்குச் சட்டை போட்டாள். சட்டையோடு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. காலையில் நான் ஆபீசுக்குப் போனதும் வேலியைத் தாண்டிப் போய், மத்தியானம்தான் திரும்பி வரும்.

"பங்களாவுக்குத்தான் போகுது. தொரையத் தேடுது, பாவம்" என்று மனைவி கண்ணைத் துடைத்தாள். நான் அதை ஆபீசில் பெருமையாகச் சொன்னேன். ஏதோ எங்கள் பரம்பரை விசுவாசம் நாய்க்கும் தொற்றிவிட்டது என்பதுபோல எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு, துரை கொடுத்த நாய் தொலைந்துபோனால் என் மானம் போய்விடுமே என்று அதைக் கட்டிப்போட்டேன். கட்டிப்போட்டதும் கொஞ்சநஞ்சம் தின்றதையும் நிறுத்திவிட்டது.

ஹட்டனிலிருந்த மிருக வைத்தியர் அதன் விலா எலும்புகளை விரலால் தடவிப் பார்த்தார். சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார்: நோய் ஒன்றுமில்லை, தனிமைதான். இப்படியே விட்டால் இந்த மழைக்காலத்தைத் தாண்டாது. இன்னொரு நாயைத் துணைக்குக் கொண்டுவாருங்கள். சின்ன நாய் வேண்டாம், முயல் என்று நினைத்துத் துரத்தும். கொண்டுவருகிற நாயை நேரே வீட்டுக்குள் விடாதீர்கள். இரண்டுக்கும் சொந்தமில்லாத ஒரு பாதையில் பக்கத்தில் பக்கத்தில் நடக்கவிட்டுப் பழக்குங்கள். எல்லாவற்றுக்கும் "ஹொந்தய் டொக்டர்", நல்லது டொக்டர், என்றேன். துணை நாய் என்கிற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் அப்போது என் மண்டையில் நிற்கவில்லை.

செய்தி பரவியதும் தோட்டத்தில் ஆளாளுக்கு நாய் நிபுணராகிவிட்டார்கள். தன் வீட்டுப் பூனைக்கே ஒழுங்காகச் சோறு வைக்காத, ஃபாக்டரியைப் பார்க்கும் டீமேக்கர், பெட்டை நாயா கடுவனா என்று எனக்கு ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தார். மலையில் ஆட்களை வேலை வாங்கும் கண்டாக்கையா பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிற தோரணையில் வந்து உட்கார்ந்தார்.

"கிளாக்கரையா, அது தொரை வீட்டு நாய். அதுக்குச் சமமா ஒரு ஜாதி நாயாப் பாருங்க. கண்டதையும் சேத்துவிட்டா அதோட மதிப்புக் கெட்டுரும்."

நாயின் மதிப்பைப் பற்றி நாய்க்கு எந்தக் கவலையும் இல்லை. கவலை முழுக்க எங்களுக்குத்தான். பங்களா, குவாட்டர்ஸ், லயம் என்று மனிதரை மூன்று தட்டில் வைத்துப் பழகிய புத்தி, நாயையும் தட்டில் ஏற்றாமல் விடாது.

முதலில் நுவரெலியாவிலிருந்து ஒரு பொமரேனியன் வந்தது. பஞ்சுப் பொட்டலம். எங்கள் நாய் அதைப் பார்த்த ஒரே பார்வையில், பல நாள் கழித்து அதன் கண்ணில் உயிர் வந்ததைக் கண்டு நாங்கள் மகிழ்ந்தோம். அடுத்த நொடியே கயிறு அறுந்தது. பஞ்சுப் பொட்டலம் அலுமாரிக்கு அடியில் புகுந்து தப்பித்தது. வைத்தியர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சாயந்தரமே அதைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தோம்.

அந்த நாட்களில் எங்கள் வேலிக்கு வெளியே ஒரு செம்பழுப்புப் பெட்டை நாய் வந்து படுத்துக்கிடக்கும். ஒரு காது பாதி கிழிந்தது. உள்ளே கட்டியிருக்கும் நம் ஆள் எழுந்து, கயிறு விட்ட மட்டும் போய், வேலிப் பக்கமாக மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். நான் கல்லை எடுப்பேன்.

"அது பாட்டுக்குக் கெடக்கட்டுமே. இதுங்க ரெண்டும் நல்லாத்தான இருக்குதுங்க?" என்றாள் மனைவி.

"லயத்து நாயையா? தொரை நாய்க்கா?" என்றேன் நான். லயத்தில் பிறந்த என் வாயிலிருந்துதான் அது வந்தது. எறிந்த கல் பெட்டையின் முதுகில் பட்டது. அது கத்தவில்லை. கொஞ்ச தூரம் போய் மறுபடி படுத்துக்கொண்டது.

அடுத்தது டயகமவிலிருந்து அல்சேஷன். கண்டாக்கையாவின் மச்சான் வீட்டு நாய். வேனில் வந்து இறங்கியது. அதை வரவேற்க வாசலில் டீமேக்கர் குடும்பம், கண்டாக்கையா குடும்பம் எல்லாம் கூடிவிட்டார்கள். யாருக்கு முதலில் தோன்றியதோ தெரியவில்லை, வீட்டுக்குப் புதிதாக வருகிற உயிரை ஆலாத்தி எடுக்காமல் படியேற்றக் கூடாது என்று முடிவாயிற்று. புதுப்பெண்ணுக்குச் செய்வதுபோலவே தாம்பாளம், மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீர், வெற்றிலைமேல் கற்பூரம். பொருத்தமாக இருக்கட்டும் என்று எங்கள் நாயையும் கொண்டுவந்து நிலைப்படியில் குட்டைக் கயிற்றில் கட்டினேன். மாப்பிள்ளை வாசலில் நிற்க வேண்டாமா? பாதையில் நடக்கவிடுங்கள் என்று வைத்தியர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் கூடி நிற்கிற ஸ்டாஃப் குடும்பங்களுக்கு முன்னால் பாதையில் நாயோடு நடந்தால் என்ன கெத்து இருக்கிறது!

கற்பூரம் மூக்கருகே வந்ததும் அல்சேஷன் வெறிகொண்டு பாய்ந்தது. முன்னால் இருந்தது எங்கள் நாய். ஓடிப் பிழைப்பதற்கென்றே பிறந்த நாயை ஒரு முழக் கயிற்றில் கட்டியிருந்தேன். இந்தச் சாதி நாயின் தோல் இற்றுப்போன வேட்டி மாதிரி. ஒரே இழுப்பில் தோளிலிருந்து விலா வரை பிளந்துவிட்டது. தாம்பாளத்துத் தண்ணீர் எது, இரத்தம் எது என்று தெரியாமல் படியெல்லாம் சிவந்துகிடந்தது.

வைத்தியர் இருபது தையல் போட்டார். பாதையில் வைத்துப் பழக்கச் சொன்னேனே, என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நாய்க்கு ஆலாத்தி எடுத்ததைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது? தமிழில் சொன்னாலும் நியாயம் இருக்கப்போவதில்லை. வேலியில் மாட்டிக்கொண்டது என்று பொய் சொன்னேன். அவர் நம்பவில்லை.

அதன்பிறகு மூன்று நாள் நாய் தண்ணீரை மட்டும் நக்கியது. நான்காம் நாள் காலை, வெளிக்குப் போகட்டும் என்று மனைவி கயிற்றை அவிழ்த்தாள். தூறலும் பனியுமாக இருந்தது. பனிக்குள் போன நாய் திரும்பவில்லை. செத்துப்போக இடம் தேடிப் போய்விட்டது என்றே நினைத்தேன். எனக்கு அழுகை வந்தது. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு நேரே பங்களாவுக்கு ஓடினேன். வேறு எங்கே போகும்?

பங்களாக் காவல்காரர் என்னை விநோதமாகப் பார்த்தார். "இங்க ஒருநாளும் வந்ததில்லீங்களே. அந்தத் தொரை போனப்பொறவு அது இந்தப் பக்கம் எட்டியும் பாக்கலீங்க."

விசுவாசம், பரம்பரை என்று நான் ஆபீசில் அளந்ததெல்லாம் காதுக்குள் திரும்பிக் கேட்டது. இறங்கி வரும்போது, கொழுந்தெடுக்க மலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண் ஒருத்தி நின்றாள்.

"நாயத் தேடுறீங்களா ஐயா? அஞ்சாம் நம்பர்ல, ஒங்க அக்கா வீட்டு இஸ்தோப்புல படுத்திருக்கு. எப்பவும் அங்கதான வரும்?"

என் அக்கா. அப்பா இல்லாத வீட்டில் கொழுந்துக் கூடை சுமந்து என்னைப் படிக்கவைத்தவள். என் மகள் பெரியவளான சடங்குக்கு, அத்தை முறைக்குச் சீர்த்தட்டோடு வந்தாள். அன்று முன்னறையில் துரையும் ஸ்டாஃபும் உட்கார்ந்திருந்தார்கள். "அக்கா, முன்னால எடமில்ல, பின்பக்கமா வாங்க" என்றேன். அவள் பின்பக்கமாகப் போனாள். குசினி வாசற்படியில் தட்டை வைத்தாள். போய்விட்டாள். ஏழு வருடமாயிற்று.

ஐந்தாம் நம்பர் லயத்தின் இஸ்தோப்பு, வீட்டு முகப்பில் இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன இடம். அதில் விரித்து, பாதியைப் போர்த்திவிட்டிருந்த பழைய கம்பளிக்குள் எங்கள் நாய் படுத்திருந்தது. தையல் போடாத பக்கத்தில் முதுகோடு முதுகாகக் கிழிந்த காதுப் பெட்டை. பக்கத்துத் தட்டில் ரொட்டித் துண்டு மிச்சம் கிடந்தது.

"வாங்க ஐயா" என்றாள் அக்கா. தொழிலாளிகள் ஸ்டாஃபைக் கூப்பிடுகிற அந்த ஐயா.

"இந்தப் பெட்டை ஒங்க நாயாக்கா?"

"நாய்தான் என்னுது. முதுகுல இருக்குற கல்லடி ஒங்களுது."

நிற்கவும் முடியவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. அப்போதும் என் புத்தி போகவில்லை பாருங்கள். "அக்கா, இந்தப் பெட்டையக் குடுத்தீங்கன்னா ரெண்டையும் குவாட்டர்ஸுலயே வச்சு நல்லாப் பாத்துக்குவேன். இல்லாட்டி இது செத்துரும்" என்றேன்.

"எந்தப் பக்கமாக் கொண்டாந்து விடணுங்க? முன்பக்கமா, பின்பக்கமா?"

அவள் ரொட்டியைப் பிய்த்து நீட்டினாள். எங்கள் வீட்டில் கோழிக்கறியை முகர்ந்தும் பார்க்காத நாய், படுத்தபடியே வாங்கித் தின்றது.

"குடுக்க மாட்டேன். இந்த நெட்டையன் வேணும்னா இங்கயே கெடக்கட்டும். மருந்து மட்டும் கொண்டாந்து குடுங்க."

வெறும் கயிற்றோடு மேலே ஏறினேன். தினமும் ஆபீஸ் விட்டதும் மருந்தும் இறைச்சியும் எடுத்துக்கொண்டு இறங்குவேன். அல்சேஷன் டயகமவுக்கே திரும்பிப் போயிற்று. கண்டாக்கையா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். "தொரை குடுத்த நாயக் கொண்டுபோய் லயத்துல விட்டுட்டாரு" என்று டீமேக்கர் ஊரெல்லாம் சொன்னார். ஓடாத கடிகாரத்தை வைத்துக் கும்பிடுகிறவர் அவர். வழியில் பார்த்த புதுத் துரை எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். நாயைப் பார்க்க என்றேன். அப்படிச் சொல்வது எனக்கு வசதியாக இருந்தது.

தையல் ஆறியது. விலா எலும்பு மறைந்தது. லயத்துக்குக் கீழே இருக்கும் பந்தடிக்கிற இடத்தில் நெட்டையன் அம்புபோல் ஓட, பெட்டை குறுக்கு வழியில் போய் அவனை மறிக்கும். அதைப் பார்த்துக்கொண்டே நான் இஸ்தோப்பில் உட்காரப் பழகிவிட்டேன். அக்கா தேத்தண்ணியை வைத்துவிட்டு உள்ளே போவாள்.

ஒருநாள் கொட்டுகிற மழை. நனைந்துகொண்டே போனேன். இரண்டும் கம்பளிக்குள் தூங்கின. நெட்டையன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, மூடிக்கொண்டான். அக்கா துவாயைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

"அதுக்கு இப்ப ஒரு கொறையும் இல்ல. நாளையிலேருந்து நாயப் பாக்க வர வேணாம்."

இந்தப் பேச்சு வரும் என்று எதிர்பார்த்துத்தான் இருந்தேன். எழுந்தேன்.

"சும்மா வா தம்பி" என்றாள். "புள்ளையையும் கூட்டிட்டு வா. இங்க ஒரே வாசல்தான், எந்தப் பக்கம்னு தேட வேண்டியதில்ல."