பெர்னதெத்தும் பேசாத தராசும்

பெர்னதெத்துக்குப் படிப்பு ஏறவில்லை. பத்தாவதில் இரண்டு முறை கணக்கில் விழுந்தாள். மூன்றாம் முறை எழுதவே போகவில்லை. ஆனால் ஒயர் அவள் சொன்னபடி கேட்டது. ஆஸ்டின் டவுனில் தியோடர் வைத்திருந்த சின்ன கேபிள் கடைக்கு 1991-இல் பெருக்கித் துடைக்க வந்தவள், ஒரே வருஷத்தில் பற்றவைக்கும் கம்பியைக் கையில் பிடித்துவிட்டாள். கம்ப்யூட்டரையும் தராசையும் சேர்க்கிற ஒன்பது ஊசி கேபிள்களெல்லாம் அவள் கைவேலை. சம்பளம் சிறிசு, வாய் பெரிசு. ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்ட மாதா கோயில் பெண்களிடம், உங்கள் வீட்டுக்காரர்களைப் பார்த்த பிறகு ஆசை விட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டு வந்தவள்.

கடையில் இன்ஜினியரிங் படித்த பையன்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஊருக்குள் பெரிய கம்பெனிகள் வர வர, டையைக் கட்டிக்கொண்டு இருவரும் கிளம்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கே கோளாறு என்றாலும் பெர்னதெத்தான் போனாள். கூடவே டிபன் டப்பா அளவில் ஒரு விளக்குப் பெட்டி. அதைக் கேபிளில் செருகினால், சேதி ஓடுகிற கம்பிக்கு நேரே சிவப்பு விளக்கு மினுக்கும். புத்தகத்தை அவள் தொட்டதில்லை. ஒருத்தர் பேசுகிற கம்பி மற்றவர் கேட்கிற ஊசிக்குப் போகணும். இரண்டு பேரும் பேசி யாருமே கேட்காத வீடு உருப்படுமா என்பாள்.

1996-இல் ஆயுத பூஜை முடிந்து பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையை மறுபடி திறந்தபோது, தராசில் ஏற்றிய எடை கம்ப்யூட்டருக்கு வரவில்லை. எடை வராமல் பில் வராது, பில் இல்லாமல் லாரி நகராது. மேனேஜர் சீனிவாசராகவன் போன் போட்டு, நீ கொடுத்த பன்னிரண்டு கேபிளும் மட்டம், எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள் என்றுவிட்டார். தியோடர் முகம் செத்துப்போனது. இந்தச் சரக்கு திரும்பினால் வேலை செய்கிற இரண்டு பெண்களையும் நிறுத்த வேண்டியதுதான் என்றார். அந்த இருவரில் ஒருத்தி பெர்னதெத்.

ஓசூர் ரோட்டுத் தூசியெல்லாம் தின்று பஸ்ஸில் போய் இறங்கினாள். பழைய கேபிள்களை ஏற்கெனவே பிடுங்கி மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். புதுசு ஒன்றை ஒரு கம்ப்யூட்டரில் மாட்டினாள். திரையில் ஒன்றும் வரவில்லை.

"புதுசும் ஓடலையேம்மா. நான் சொன்னது சரிதானே?" என்றார் சீனிவாசராகவன்.

அவள் விளக்குப் பெட்டியை எடுத்தாள். ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் கிருஷ்ணப்பாவைத் தராசில் ஏறி நிற்கச் சொல்லி, தராசுப் பக்கம் பெட்டியைச் செருகினாள். விளக்கு மினுக்கியது. கம்ப்யூட்டர் பக்கம் போகிற நுனியில் செருகினாள். அங்கேயும் மினுக்கியது. அப்படியானால் கேபிள் ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுக்கிறது, வாங்குகிறவன்தான் வாங்கவில்லை.

மேசையைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டு, கம்ப்யூட்டருக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தாள். வெள்ளி மாதிரி மின்ன வேண்டிய ஊசிகள் மஞ்சளாக இருந்தன. காய்ந்த சந்தனம். மேலே லட்சணமாக ஒரு குங்குமப் பொட்டு.

யார் வைத்தது என்று கேட்டாள். தராசு மேலே நின்றபடியே கிருஷ்ணப்பா, "நான்தாம்மா. ஒயரெல்லாம் கழட்டித் தொடச்சு, லேத்து மெஷினுக்கு வெக்கிற மாதிரி பக்தியாத்தான் வெச்சேன்," என்றார்.

"லேத்துக்கு முதுகுல வெச்சா ஓடும்ணா. இதுக்குத் தொண்டையில போட்டு அடைச்சிருக்கீங்க."

சீனிவாசராகவனுக்குக் கோபம் தலைக்கேறியது. அறிவு இருக்கா என்று ஆரம்பித்து, சம்பளத்தைப் பிடிப்பது வரைக்கும் போனார். கிருஷ்ணப்பா தரையைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார்: "ஒண்ணு விடாம வெக்கச் சொன்னது நீங்கதானே சார். கம்ப்யூட்டரை ரெண்டு தடவ சொன்னீங்க."

திருமண் இட்ட நெற்றியைத் தடவிக்கொண்டு மேனேஜர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

பெர்னதெத் பழைய பல் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்து, ஒவ்வொரு ஊசியாகக் குழந்தைக்குப் பல் விளக்குவதுபோல் தேய்த்தாள். சந்தனம் ஒட்டியிருந்த கேபிள் நுனியையும் விடவில்லை. மாட்டியதும் திரையில் அறுபத்து மூன்று கிலோ நானூறு கிராம் என்று கிருஷ்ணப்பா வந்து நின்றார். மற்ற பதினோரு கம்ப்யூட்டர்களிலும் அதே சந்தனம், அதே பல் விளக்கல்.

சரியாகிவிட்டது, தியோடரிடம் பேசிக்கொள்கிறேன், நீங்கள் போகலாம் என்றார் சீனிவாசராகவன். அவள் நகரவில்லை. சர்வீஸ் தாளை அவர் முன்னால் நீட்டினாள்.

"போன்ல சொன்னா காத்தோட போயிடும் சார். ரெண்டு பேர் சோறு இதுல இருக்கு. கேபிள் நல்லா இருக்குன்னு உங்க கையால எழுதுங்க."

எழுதினார். காரணம் என்கிற இடத்தில் பேனா நின்றது. யோசித்துவிட்டு, தூசி என்று போட்டார்.

"சாமி சந்தனத்தையா தூசின்றீங்க? உங்க பாடு, பெருமாள் பாடு," என்று தாளை வாங்கி மடித்துக்கொண்டாள். தூசி என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்த பிறகு கிருஷ்ணப்பாவின் சம்பளத்தைப் பற்றி அந்த ஆள் வாயைத் திறக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

கிருஷ்ணப்பாவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கேட்டுக்கு ஓடிவந்து, பூஜைப் பொரிகடலை ஒரு பொட்டலம் நீட்டினார். "நீங்க சர்ச்சுக்காரங்க, தின்னுவீங்களாம்மா?" என்று கூச்சமாகக் கேட்டார்.

"காலையிலேர்ந்து பட்டினி. குடுங்கண்ணா," என்று வாங்கிக்கொண்டாள். திரும்புகிற பஸ் பொம்மனஹள்ளி தாண்டுவதற்குள் பொட்டலம் காலி.