தானாகத் திரும்ப வேண்டிய பாய்மரம்

அம்மா தபீதாள் சேலையூரில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்தாள். கல்லூரி நாளில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் பாய்ப்படகு ஓட்டக் கற்றவள். ஓய்வு பெற்றதும் ஒரு சின்னப் பழைய படகை வாங்கி முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் நிறுத்தினாள். சொந்தக்காரர்கள் ஊரப்பாக்கத்தில் மனை வாங்கச் சொன்னார்கள். "மனையில பாய் கட்ட முடியாதே" என்றாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள். தனியாகத்தான் போவாள்.

இந்த மார்ச்சில் இறந்தாள்.

அந்தப் படகின் பாய்மரம் உருண்டையானதல்ல, தட்டையானது. மெலிந்த விளிம்பு எப்போதும் காற்றைப் பார்க்க வேண்டும். படகு திசை மாறும்போதெல்லாம் மரமும் மறுபக்கம் திரும்ப வேண்டும். காற்றே செய்துவிட வேண்டிய வேலை அது. ஆனால் மரத்தின் அடியில் உராய்வு அதிகம். அம்மா ஒரு கயிற்றை இழுத்துத்தான் திருப்புவாள்.

போன வருடம் அவளுடைய வலது கை மெலிந்தது. மோட்டார் நியூரான் நோய், தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் என்றார் டாக்டர். குணமாக்கும் மருந்து இல்லை என்பதையும் சொன்னார்.

அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான். "கிறிஸ்டி, சுக்கானை இடது கையால பிடிச்சுக்குவேன். பாய்க் கயித்தை மாட்ட கொக்கி இருக்கு. மரம் மட்டும் தானா திரும்பணும். பண்ணிக் குடு. இன்னொரு தடவை தனியா போயிட்டு வந்துடறேன்."

நான் மெக்கானிக்கல் என்ஜினியர். அளப்பதிலிருந்துதான் தொடங்குவேன். கயிற்றில் சுருள்வில் தராசை மாட்டி இழுத்தேன். மரம் அசைய ஆறு கிலோ தேவைப்பட்டது. தராசை அம்மாவிடம் கொடுத்தேன். முள் நாலைத் தாண்டவில்லை.

மாடம்பாக்கத்தில் ஏகநாதன் லேத் பட்டறை வைத்திருக்கிறார். மரத்தின் அடியில் பொருத்த நைலானில் ஒரு புஷ், உராய்வைக் குறைக்கும் வளையம், கடைந்து தந்தார். பட்டறையில் ஒரு விரலால் சுழன்றது. படகில் பொருத்திய அன்றும் சுழன்றது. ஒரு வாரம் அது ஈரத்தில் கிடந்த பிறகு அம்மாவும் நானும் போனோம். மரம் முன்பைவிட இறுகியிருந்தது.

"நைலான் தண்ணி குடிச்சு ஊதும்டி. உங்க காலேஜ்ல சொல்லித் தரலையா?"

"உனக்குத் தெரியுமா?"

"இப்பதான் தெரிஞ்சுது" என்று சிரித்தாள்.

காய் நறுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை தண்ணீர் குடிக்காது. தடிமனான ஒன்றை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இன்னா மேடம், கிச்சனையே தூக்கிகினு வந்துட்டீங்க?" என்றார் ஏகநாதன். ஆனாலும் லேத்தில் மாட்டினார். பாதி கடைந்திருந்தபோது ஆயுத பூஜை வந்துவிட்டது. நான் போனபோது லேத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார். உள்ளே பிடித்திருந்த புஷ்ஷுக்கும் ஒரு பொட்டு.

"பூஜை போட்டாச்சு மேடம். இனிமே மிஷின்ல கை வெக்க மாட்டேன். பசங்களும் ஊருக்குப் போய்க்கீறாங்க. வந்தப்புறம்தான்."

வீட்டில் சொன்னபோது, "என் புஷ்ஷுக்கும் பொட்டா? பாஸ்டர் கிட்ட சொல்லிடாத" என்றாள் அம்மா. அந்த விடுமுறையில் அவளுடைய இடது கட்டைவிரல் மடங்காமல் போயிற்று. முன்பே முடித்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. நோயின் வேகம் எனக்குத் தெரியும். தராசை நான் பிறகு அவளிடம் கொடுக்கவில்லை.

புஷ் வந்தது. மழை வந்தது. பள்ளிக்கரணைப் பக்கம் சாலையில் தண்ணீர். மழை விட்ட ஒரு சனிக்கிழமை, அம்மாவைக் காரில் உட்கார வைத்து, ஏகநாதனையும் அழைத்துக்கொண்டு போனேன். நானும் அவரும் புஷ்ஷைப் பொருத்திப் பாயை ஏற்றினோம். கயிற்றை யாரும் தொடவில்லை. படகின் முனையை இந்தப் பக்கம் தள்ளினோம், மரம் திரும்பியது. அந்தப் பக்கம் தள்ளினோம், திரும்பியது.

ஏகநாதன் காரருகே வந்தார். "மேடம், தூக்கி உக்கார வெச்சுடவா? நானும் கூட வரேன். சோக்கா ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வந்துடலாம்."

"தனியா போறதுன்னா போறேன்" என்றாள் அம்மா. பேச்சு குழறியது. "மூட்டை மாதிரி வேணாம்பா."

அவர் என்னைப் பார்த்தார். பாயை இறக்கிவிட்டு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாய் இல்லாமலே மரம் காற்றுக்கு இப்படியும் அப்படியும் திரும்பி, ஒவ்வொரு முறையும் டொக்கென்று இடித்தது. அம்மா கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத் திரும்புது" என்றாள். பிறகு, "போய்க் கட்டி வை. இப்படியே ஆடினா தேஞ்சுடும்" என்றாள்.

இறங்கிப் போய்க் கட்டினேன்.