தலைவெட்டி பங்களா படிக்கவைத்த பெண்

அப்பா வைசூரியில் இறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ரங்கூன் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். அவர் பெட்டியைத் திறந்த அம்மா, உள்ளே இருந்த, சடங்கில் இடுப்பில் கட்டும் வெள்ளைத் தோல் ஏப்ரனைக் கண்டு கையை இழுத்துக்கொண்டாள். அப்பா ப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தில் இருந்தது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர்கள் கூடும் கட்டடத்தில் தலையை வெட்டுவார்கள் என்று வதந்தி; அதனால் தமிழர்கள் அதற்கு வைத்த பெயர் தலைவெட்டி பங்களா. கத்தோலிக்கர்களான எங்களுக்கோ அந்தச் சங்கத்தைத் தொடுவதே பாவம்.

அந்த மாதத்தோடு நான் பள்ளியை விட்டு நிற்பதாக இருந்தது. அப்போதுதான் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது: இறந்த எங்கள் சங்கச் சகோதரரின் மகளைப் பத்தாவதுவரை நாங்கள் படிக்கவைக்கிறோம், அழைத்து வாருங்கள்.

ரிக்ஷாவில் போனோம். உள்ளே கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை. எங்காவது ரத்தக் கறை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு வெள்ளைக்காரரும் ஒரு தமிழ் டாக்டரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"டாக்டரய்யா, எம் பொண்ணு வேதத்தை விடணுங்களா?" என்றாள் அம்மா.

"வேண்டாம்மா. பூசைக்குப் போகட்டும். படிச்சாப் போதும்."

"அவரு இங்க என்ன சத்தியம் பண்ணாரு?"

டாக்டர் மேசையைப் பார்த்தார். "அத நான் சொல்லக் கூடாதும்மா."

அவர் நீட்டிய சம்மதக் காகிதத்தை அம்மா வாங்கிக்கொண்டாள். என்னை இழுத்துக்கொண்டு வெளியேறிவிடுவாளோ என்று பயந்தேன். ஒப்புக்கொண்டுவிடுவாளோ என்றும் பயந்தேன். கடைசியில் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த ஞாயிறு பூசையில் நன்மை என்னும் திருவப்பம் வாங்க எல்லோரும் எழுந்தார்கள். அம்மா எழவில்லை.

"சாமியார்கிட்டப் பாவத்தைச் சொன்னா, அந்த உதவி வேண்டாம்னு எழுதிக் குடுன்னுடுவாரு. சொல்லாம நன்மை வாங்கினா அது இன்னும் பெரிய பாவம். நீ போ" என்றாள்.

நான்கு வருடம் அவள் நன்மை வாங்காமல் கோயிலின் கடைசி பெஞ்சில் இருந்தாள். அவளுக்கு இருமல் வந்தாலே, பாவத்தைச் சொல்லாமல் செத்துவிடுவாளோ என்று இரவெல்லாம் விழித்திருப்பேன். ஒரு மழைக்காலம் நிமோனியாவில் கிடந்தபோது சாமியாரைக் கூப்பிட ஓடப்போனேன். என் முழங்கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். "பரீட்சை முடியட்டும்" என்றாள். பிழைப்பாளா என்று தெரியாத மூன்று நாள், அவள் ஆத்துமா என்னால் நரகத்துக்குப் போகிறது என்று நினைத்தபடி பக்கத்தில் இருந்தேன்.

பிழைத்தாள். நான் பரீட்சையில் தேறிய அன்று மாலையே, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். வெளியே வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"சாமி என்னம்மா சொன்னாரு?"

"மூணு ஜெபமாலை சொல்லச் சொன்னாரு."

"அவ்வளவுதானா?"

"நாலு வருசத்துக்கும் அவ்வளவுதான்" என்றாள் அம்மா. முழந்தாளிட்டுச் சொல்லத் தொடங்கினாள். பாதியில் அழுகை வந்துவிட்டது. முதலிலிருந்து திரும்பச் சொன்னாள்.