இரண்டு பங்குக் குடம்

எங்கள் வீட்டில் முதன்முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான்தான். ஐந்தாம் வகுப்புக்கு வந்ததுமே, அளவு, கணக்கு என்று எது வந்தாலும் “அவனைக் கேளு” என்பார்கள். பல நேரம் கேட்பதற்கு முன்பே நான் பதில் சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்லித்தான் ஒரு முறை அம்மாவின் வேண்டுதலையே கெடுக்கப் பார்த்தேன்.

அது யுத்த காலம். தங்கைக்குக் கடுங்காய்ச்சல் வந்து, அது இறங்கியபோது கால்கள் துவண்டுவிட்டன. அந்த ஆடிக் கிருத்திகைக்கு அம்மா ஒரு சாண் உயரக் குடத்தில் இரண்டு படி பால் எடுத்து மலையேறினாள். பிள்ளை எழுந்து நடந்தால், அடுத்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு பங்குக் குடம், தளும்பத் தளும்ப எடுத்து வருவதாகவும், அவளையும் நடத்திக் கூட்டி வருவதாகவும் வேண்டிக்கொண்டாள். மாசியில் தங்கை சுவரைப் பிடித்து எழுந்தாள். பங்குனியில் சுவரை விட்டாள்.

குடத்துக்கு அளவு சொல்லும் வேலை என்னிடம் வந்தது. பழைய குடத்தின் உயரத்தையும் அகலத்தையும் கயிற்றால் அளந்து, இரண்டையும் இரட்டித்து முடிச்சுப் போட்டுக் குயவரிடம் கொடுத்தேன்.

“நல்லா ரோசிச்சியா தம்பி? யானைக்குத் தண்ணி வைக்கப் போறீங்களா இன்னா?”

“ரெண்டு பங்குன்னா ரெண்டு பங்குதான்” என்றேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் கயிற்றை இடுப்பில் செருகிக்கொண்டார்.

குடம் வீட்டுக்கு வந்ததும் அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “பால் எதுக்கு அண்ணி? பாப்பாவ உள்ளே உக்கார வச்சித் தூக்கினு போயிடலாமே!”

அம்மா சிரிக்கவில்லை. அவளுக்கு அந்தப் பெரிய குடம் பிடித்திருந்தது.

கிருத்திகை அன்று காலை, வேலை செய்யும் பண்ணையிலிருந்து நைனா நான்கு படி பால் கொண்டுவந்தார். கணக்கு என்னுடையது. போன வருஷம் நான்கு முழம் சுற்றினோம் என்று பூவும் எட்டு முழம் வாங்கச் சொல்லியிருந்தேன். சுற்றிப் பார்த்தால் பூ குடத்தின் பாதியோடு நின்றது. பாலை ஊற்றினால் அது அடியிலேயே கிடந்தது. நைனா குனிந்து பார்த்தார்.

“இன்னாடா இது, தூரு நனையத்தான் வந்துகிது?”

ஊரெல்லாம் பால்குடம் எடுக்கும் நாளில் இன்னும் பாலுக்கு எங்கே போவது? அம்மா முகம் வெளுத்துவிட்டது. “கொறையா எடுத்தா பாப்பா கால் மறுபடி...” என்றாள்.

பாலைப் பானைக்கு மாற்றிவிட்டு, பழைய குடத்தால் தண்ணீர் மொண்டு பெரிய குடத்தில் ஊற்றினேன். இரண்டு, மூன்று, நான்கு... எட்டாவது ஊற்றில்தான் வாய் வரை வந்தது. உயரத்தில் இரண்டு, குறுக்கே அகலத்தில் இரண்டு, வட்டக் குடம் என்பதால் நெடுக்கேயும் இரண்டு. மூன்று பக்கமும் நானே இரட்டித்துவிட்டு, பாலை மட்டும் ஒரே தரம் இரட்டித்திருந்தேன். அதில் பால் நிரப்பினால் பதினாறு படி. அம்மாவால் அசைக்கக்கூட முடியாது.

பழைய குடத்தைத் தூக்கிக்கொண்டு குயவர் வீட்டுக்கு ஓடினேன். அவர் அடுக்கியிருந்த குடங்களில் ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஐந்தாவது குடம், பழைய குடத்தால் இரண்டு முறை ஊற்றியதும் சரியாக நிரம்பியது. அது மூன்று விரல்தான் கூடுதல் உயரம். எனக்கே நம்பிக்கை வராமல்தான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

“இதுவா ரெண்டு பங்கு?” என்றாள் அம்மா. “சாமி பாத்தா இன்னா நெனைக்கும்?”

அவள் கண்ணெதிரிலும் இரண்டு தடவை ஊற்றிக் காட்டினேன். அவள் பழைய குடத்தையும் புதியதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஆங். நான் வேண்டிக்கினது பால்தான்டா, மண்ணு இல்ல” என்று முந்தானையை இறுக்கினாள்.

நான்கு படியும் தளும்ப நின்றது. பூவில் மட்டும் ஒன்றரை முழத்துக்கு மேல் மிஞ்சியது. பால் இரட்டித்த குடத்துக்குப் பூ ஏன் இரட்டிக்கவில்லை என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அத்தை மிச்சத்தைத் தங்கையின் தலையில் வைத்துவிட்டாள். வெளியே சுற்றும் பூவுக்கு ஒரு கணக்கு, உள்ளே நிற்கும் பாலுக்கு வேறு கணக்கு என்பதை உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகுதான் படித்தேன்.

மலைப்படிகளில் அம்மா அடிக்கடி நின்றாள்.

“கனக்குதாம்மா?”

“ஆங், கனந்தான்டா.”

போன வருஷத்தைப்போல் இரண்டு பங்கு பால், கனக்காதா பின்னே என்று எனக்குப் பெருமை. அவள் நின்றபோதெல்லாம் பின்னால் வந்த தங்கை படியில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டாள். அவள் தானாக எழுந்து நின்ற பிறகுதான் அம்மா அடுத்த படியில் கால் வைத்தாள். இதையெல்லாம் நானும் பார்த்துக்கொண்டுதான் ஏறினேன். குடம் கனக்கிறது என்றுதான் நினைத்தேன்.