காற்றுப் போன சைக்கிள்

நான் முதன்முதலில் ஆறு கிலோமீட்டர் ஓடியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. தொண்ணூற்று நாலாக இருக்கும், இல்லை ஐந்து. அதற்கு முன்னால் மூன்று கிலோமீட்டர்தான் ஓடியிருந்தேன். ஆனால் தினமும்.

அப்பாவுக்கு அரிசி மில்லில் நெல் அவிக்கிற வேலை. விடியுமுன்னே போய்த் தீ மூட்டவேண்டும். அம்மா வீட்டில் அப்பளம் இடுவாள். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அதுதான் வேலை. காலை எட்டு மணிக்குச் சோறும் குழம்பும் தூக்குச்சட்டியில் வைத்து என் கையில் கொடுப்பாள். வாய்க்கால் கரையோடு போனால் மில் மூன்று கிலோமீட்டர். ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடம். அதனால் ஓடுவேன். மில் வாசலில் புளியமரத்தடியில் அப்பா சாப்பிடுவார். சாப்பிட்டதும் என்னைச் சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு வந்து பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பப் போவார். ஓடிப் போவது, உட்கார்ந்து வருவது. இரண்டு வருடம் அப்படித்தான்.

பொங்கலுக்கு ஊரில் இளவட்டங்கள் விளையாட்டுப் போட்டி நடத்துவார்கள். அந்த வருடம் பெண்பிள்ளைகளுக்கும் தூர ஓட்டம் என்றார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து மில் வரை போய்த் திரும்பி வரவேண்டும். முழுதாக ஓடி முடிக்கிறவளைப் பள்ளிக்கூட அணியில் சேர்ப்பேன், சாயங்காலம் மைதானத்தில் நின்று பழகலாம் என்று விளையாட்டு டீச்சர் சொன்னார். சாயங்காலம் என்றால் எனக்கு அப்பளப் பலகை. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"முடிச்சிட்டு வந்தா சேந்துக்கோ. பாதியில நின்னேன்னு வையி, பலகைக்கு முன்னால உக்காந்திரணும். பொறவு ஓட்டங்கிற பேச்சே எடுக்கப்பிடாது, பாத்துக்கோட்டி."

அப்பா அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

மூன்று வாரம் பயிற்சி. பயிற்சி என்றால் அதே தூக்குச்சட்டிதான். இன்னும் வேகமாக ஓடினேன். வேகம் கூடினால் குழம்பு சிந்தும். சிந்தினால் அம்மா திட்டுவாள். சட்டி ஆடாமல் ஓடினால் மூச்சும் வாங்காது என்பதை நானே கண்டுபிடித்தேன். அப்பா மூடியைத் திறக்குமுன் சட்டியின் வெளிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பார்.

"இன்னைக்குச் சிந்தலை."

எனக்குக் கிடைத்த பாராட்டு அதுதான். ஒன்றை மட்டும் நானும் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. பந்தயத்தில் திரும்பியும் ஓடவேண்டும். நாங்களோ அவர் சாப்பிட்டுக் கை கழுவியதும் சைக்கிளில் ஏறிவிடுவோம்.

மாட்டுப்பொங்கல் அன்று காலை ஓட்டம். பதினான்கு பேர். சட்டி இல்லாத கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மில்லுக்கு ஐந்தாவதாகப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் தார் டிரம் ஒன்றை நிறுத்தி, விசில் வைத்திருந்த ஒரு அண்ணன் வருகிறவர்களின் கையில் ரப்பர் பேண்ட் மாட்டிவிட்டார். திரும்பியதற்கு அதுதான் அடையாளம். அன்று மில் லீவு. இருந்தாலும் அப்பா தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சைக்கிளை ஊர்ப்பக்கம் திருப்பிப் பிடித்தபடி, புளியமரத்தடியில் நின்றார். வழக்கமாக நிற்கிற இடம்.

நான் ரப்பர் பேண்டை மாட்டிக்கொண்டேன். டிரம்மைச் சுற்றினேன். நேரே போய்க் கேரியரில் உட்கார்ந்தேன்.

நான் உட்கார்ந்தால் அப்பா மிதிப்பார். மிதித்தார்.

முதல் மடையைத் தாண்டிவிட்டோம். பின்னால் விசில் சத்தம் விடாமல் கேட்டது. விசில்கார அண்ணன் ஓடி வந்து சைக்கிளை மறித்தார்.

"அண்ணாச்சி, புள்ளைய எங்க கொண்டு போறிய?"

கரையில் பல் விளக்கிக்கொண்டிருந்த ஒருவர், "இது ஓட்டப்பந்தயமா வே, சைக்கிள் பந்தயமா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பாவுக்கும்.

"இவ பேரை அடிக்கணும் அண்ணாச்சி."

"தப்பு எம்மேல. அவ டிரம்முலேருந்து திரும்ப ஓடட்டும். உள்ள தூரத்தை ஓடிருவா." அப்பா அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அந்த அண்ணன் சரி என்றார். இன்னொரு தடவை கேரியரில் உட்கார்ந்தால் அவ்வளவுதான் என்றும் சொன்னார். டிரம் வரை திரும்பி நடந்தோம். மற்றவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கால் அத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டது. "முடியாதுப்பா, வீட்டுக்குக் கொண்டு விடுங்க" என்றேன்.

அப்பா பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்தார். உஸ்ஸென்று ஒரு சத்தம். டயர் தரையோடு படுத்துக்கொண்டது.

"முள்ளு ஏறிட்டுளா. காத்துப் போச்சு. இனி எனக்கும் நடைதான்."

வேறு வழியில்லை. எழுந்தேன்.

நான் ஓடினேன். அவர் செருப்பைக் கழற்றிக் கேரியரில் சொருகிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே ஓடி வந்தார். பின்சக்கரம் தப் தப் என்று அடித்தது. நெல் அவிக்கிற புகையில் அவருக்கு எப்போதும் இருமல். அன்று அதிகமாக இருமினார். வாய்க்காலில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள், "ஏளா, உங்கப்பனையும் ஓட விட்டுட்டியா?" என்றார்கள். நான் அழவில்லை. அழ மூச்சு இல்லை.

பாதிக்கு மேல் வந்ததும் நின்றேன். அவரும் நின்றார். கொஞ்சநேரம் இருமினார்.

"கையில சட்டி இருக்குன்னு வச்சுக்கோ. சிந்தாமப் பைய போ."

வலது கையை மடக்கிக்கொண்டேன், பிடியைப் பிடித்திருக்கிற மாதிரி. அப்படியே ஓடினேன்.

பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது ஓட்டம் முடிகிற இடத்தில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். அங்கே உறியடி நடந்துகொண்டிருந்தது. டீச்சர் மட்டும் எனக்காக நின்றிருந்தார். என் கையிலிருந்த ரப்பர் பேண்டைப் பார்த்துப் பெயர் எழுதிக்கொண்டார். ஓடி முடித்த பதினோரு பேரில் பதினோராவது. முடித்தவர்கள் எல்லாருக்கும்போல் எனக்கும் ஒரு எவர்சில்வர் தம்ளர் கொடுத்தார்கள்.

அம்மா தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சைக்கிளைப் பார்த்தாள்.

"சக்கரத்துக்கு என்ன?"

"முள்ளு."

அவள் அப்பாவின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். அந்தத் தம்ளரில் முதலில் அவருக்குத்தான் மோர் ஊற்றினாள். பலகைப் பேச்சை அன்று எடுக்கவில்லை. ஒன்றரை வருடம் அணியில் ஓடினேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. அது வேறு கதை.

மறுநாள் மில் திறந்தார்கள். விடியுமுன்னே வாசலில் அப்பா பம்பு அடிக்கிற சத்தம் பாயில் கிடந்தே கேட்டது. பிறகு மணியடித்துக்கொண்டு போய்விட்டார். பள்ளிக்கூடம் லீவு. நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு கால்வலியோடு நடந்தே போனேன். சாப்பிட்டுவிட்டு, எப்போதும்போல் கேரியரில் ஏற்றிக்கொண்டு வந்தார். டயர் கல்லு மாதிரி இருந்தது.

ஊருக்குள் பஞ்சர் ஒட்ட ஒரே ஒரு கடை. பொங்கலுக்கு மூன்று நாளாகப் பூட்டு. முள் ஏறிய டியூபை ஒட்டாமல் காற்று நிற்காது என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டேதான் கேரியரில் கடந்து போனேன். முந்தின நாள் அப்பாவை அவ்வளவு தூரம் ஓடவைத்த அந்த முள்ளை மனசுக்குள் திட்டிக்கொண்டு போனேன்.